விரை நீக்கமும் குருதி நலமும்

காளையைக் காயடித்தால் அதன் சீற்றம் அடங்கும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிவர். அரசர்களும் இதனை அறிந்திருந்தனர். சீனம், துருக்கி முதலிய நாடுகளின் அரண்மனைகளில் விரை நீக்கப்பட்ட ஆடவர் ஏவலராகவும் உயர் அலுவலராகவும் பணிபுரிந்தனர். 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்கள் நிகழ்த்தி, மலாக்காவிலும் கால்வைத்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ அத்தகையவரே. மிங் படைகள் யுன்னான் நாட்டை வென்றபோது சிறைப்பட்டு அந்நிலைக்கு ஆளான சிறுவர் அவர். இலங்கையின் காலித் துறைமுகத்தில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் பொறித்து நிறுவப்பட்ட கல்வெட்டு, அவர் பயணத்திற்குச் சான்றாக இன்றும் உள்ளது.

இத்தகையோரின் உழைப்பை உலகம் பயன்படுத்திக்கொண்டது. அவர்தம் உடல் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இளமையிலேயே விரையை இழந்தோர் குரல் உடையாமல், கைகால்கள் நீண்டு வளர்ந்தனர். முதுமையில் சிலர் முதுகு கூனினர். கண்ணுக்குத் தெரிந்த இவற்றின் காரணம் 19ஆம் நூற்றாண்டு வரை விளங்கவில்லை.

விடையின் முதற்படி ஒரு சேவலிடமிருந்து கிடைத்தது. செருமனியின் கெட்டிங்கன் நகரப் பேராசிரியர் பெர்தோல்டு, ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வை 1849இல் வெளியிட்டார். விரைகளை முற்றும் இழந்தவை கொண்டை சுருங்கி, கூவாமல், சண்டையிடாமல் இருந்தன. வயிற்றறைக்குள் விரை வைக்கப்பட்டவையோ இயல்பான சேவல்களாகவே வளர்ந்தன. அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விரையில் பழைய நரம்புத் தொடர்பு இல்லை. புதிய குருதிக் குழாய்களே முளைத்திருந்தன. எனவே, விரை முதலில் குருதியை மாற்றுகிறது, குருதி உடல் முழுவதையும் மாற்றுகிறது என்று அவர் முடிவு செய்தார். நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய அறிவியலுக்கு இதுவே வித்தாயிற்று.

எனினும் வித்து முளைக்கக் காலம் பிடித்தது. 1889இல் பாரிசில், 72 வயதான பிரவுன் செக்கார் என்னும் அறிஞர், விலங்குகளின் விரைச் சாற்றைத் தம் உடலில் ஊசி வழியே செலுத்திக்கொண்டு, இளமையும் வலிமையும் மீண்டன என்று அறிவித்தார். அச்சாறு நீரில் எடுக்கப்பட்டது. விரைச் சுரப்போ நீரில் எளிதிற் கரையாதது. அவர் உணர்ந்த வலிமை பெரும்பாலும் நம்பிக்கையின் விளைவே. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் காளை விரையிலிருந்து உண்மையான பொருளைப் பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் புட்டேனண்டும் ரூசிக்காவும் அதனைத் தனித்தனியே கொழுப்புப் பொருளிலிருந்து செய்து காட்டினர். 1939ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபெல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அப்பொருள் கைக்கு வந்தபின், பெர்தோல்டு சொன்ன குருதியின் மற்றொரு பக்கமும் விளங்கியது. சிறுவர் சிறுமியரின் குருதிச் செம்மை ஏறக்குறைய ஒன்றே. பருவமடைந்தபின் ஆடவருடையது உயர்கிறது. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்குவதே காரணம். சிறுநீரகத்தில் தோன்றும் எரித்ரோபொயட்டினை அது மிகுவிக்கிறது. உடலிலுள்ள இரும்புச் சத்தை எலும்பு மச்சைக்கு எளிதிற் கிடைக்கச் செய்கிறது. ஆகவே இரு விரைகளையும் இழந்தவருக்குச் சில திங்களில் ஹீமோகுளோபின் குறைகிறது. களைப்பும் மூச்சிரைப்பும் தோன்றலாம். எலும்பும் மெலிகிறது. அரண்மனை ஏவலரின் கூனுக்கு இதுவே விளக்கம்.

இழந்த சுரப்பை இன்று ஊசியாகவோ தோலிற் பூசும் களிம்பாகவோ ஈடுசெய்யலாம். ஆயினும் அளவு மிகுந்தால் குருதி தடித்து, உறையும் இடர் நேரலாம். அதனால் மருத்துவர் சிகிச்சைக்கு முன்பும், தொடங்கிய மூன்று முதல் ஆறு திங்களுக்குள்ளும், பின்னர் ஆண்டுதோறும் குருதியைச் சோதிக்கின்றனர். சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 54க்கு மேற்பட்டால், மருந்தை நிறுத்தி, அது தணிந்தபின் குறைந்த அளவில் மீண்டும் தருகின்றனர்.

இருவகையினர் இவ்விதிக்கு விலக்கு. ஒரு விரை மட்டும் நீக்கப்பட்டவருக்கு எஞ்சியது பெரும்பாலும் போதுமானதைச் சுரக்கும். சோதித்த பின்னரே மருந்தின் தேவையைத் துணிய வேண்டும். மற்றவர் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயாளர். விரைச் சுரப்பை அகற்றினால் அந்நோய் தணியும் என்று ஹக்கின்ஸ் 1941இல் சிகாகோவில் காட்டி, 1966இல் நோபெல் பரிசு பெற்றார். இவர்களுக்குச் சுரப்பை மீட்டளித்தல் நோயைத் தூண்டக்கூடும். எனவே குருதிச் சோகையையும் எலும்பு மெலிவையும் வேறு வழிகளாற் கவனிக்க வேண்டும். சோகை எல்லாம் சிகிச்சையின் விளைவே என்று விட்டுவிடலும் தவறு. குருதிக் கசிவோ, எலும்பிற் பரவிய நோயோ காரணமாகலாம்.

விரை நீக்கப்பட்டவர் என்ற சொல்லே ஒரு காலத்தில் இழிவாகக் கருதப்பட்டது. அந்நாணம் இன்றும் பலரை மருத்துவரிடம் வாய் திறவாமல் தடுக்கிறது. குறை ஒழுக்கத்திலோ ஆண்மையிலோ இல்லை, குருதியிற் கலக்கும் ஒரு பொருளின் அளவிலேயே உள்ளது என்பதே ஆறு சேவல்கள் உணர்த்திய உண்மை. அளவைச் சோதித்து அறியலாம், அறிந்ததைப் பேணலாம். செங் ஹோவுக்குக் கிட்டாத அவ்வாய்ப்பு இன்று நோயுற்றவருக்கு உண்டு. அதனைப் பெற அவர் வாய் திறந்து கேட்டல் வேண்டும்.