சாரதியற்ற ரயில் பிறந்த கதை

டில்லியின் மெஜந்தா வழித்தடத்தில் 2020 டிசம்பரில் சாரதியில்லாத ரயில் ஓடத் தொடங்கியபோது, அங்கு வாழும் நம்மவர் பலர் சிறிது அச்சத்தோடுதான் ஏறியிருப்பர். பிரான்சின் வடகோடியிலுள்ள லீல் நகரத்தார்க்கு அந்த அனுபவம் 1983-லேயே வாய்த்துவிட்டது.

லீல் பழைய நெசவாலை நகரம். அதன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பகுதி புறநகருக்குக் குடிபெயர, 1970-இல் வில்நவ் தாஸ்க் என்னும் புதுநகர் எழுந்தது. இரண்டையும் இணைக்க ரயில் வேண்டும். பாரிஸின் பெருஞ்சுரங்க ரயிலோ லீலுக்குத் தாங்காத செலவு. நீண்ட ரயிலை நெடுநேரத்துக்கு ஒருமுறை விட்டால் யார் காத்திருப்பர்? சிறு ரயில்களை அடிக்கடி விட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாரதி வேண்டும். சம்பளமே மூச்சைத் திணறடிக்கும்.

பேராசிரியர் ரொபேர் கபியார் சாரதியையே நீக்கும் வழியைக் கண்டார்; மாத்ரா நிறுவனம் அதைச் செய்து முடித்தது. பெட்டியின் அகலம் 2.06 மீட்டரே, ஆகவே சுரங்கமும் சிறுத்தது. ரப்பர்ச் சக்கரம் பாதையை இறுகப் பற்றுவதால் மேடேறுவதும் விரைந்து நிற்பதும் எளிதாயின. நெரிசல் வேளையில் ஏறத்தாழ நிமிடத்துக்கொரு ரயில் விட முடிந்தது.

முன்னே பார்த்து நிறுத்த ஆளில்லையே என்ற கவலைக்கும் விடை கண்டனர். மேடையோரம் கண்ணாடித் தடுப்பு; ரயில் நின்ற பின்பே அதன் கதவும் பெட்டியின் கதவும் ஒருசேரத் திறக்கும். இந்த எளிய ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிப்பேன். சாரதியின் பிழைப்புப் போயிற்றே எனின், அது மெய்யே. கட்டுப்பாட்டறையில் மட்டும் மனிதர் விழித்திருக்கின்றனர்.

ஜப்பானின் கோபேயில் 1981-லேயே இத்தகைய ரப்பர்ச் சக்கர ரயில் துறைமுகத் தீவுக்கு ஓடிற்று. ஆயினும் நகரத்து மெட்ரோவையே இம்முறையிடம் ஒப்படைக்கத் துணிந்தது லீல். துலூஸ் 1993-லும், தைபே 1996-லும், இத்தாலியின் தூரின் 2006-லும் அதே ரயிலை ஓட்டின.