ஹக்கலைச் சோலையும் பருவங்களும்

நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில், ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில், சீதா எலியவுக்கு அப்பால், ஹக்கலை மலையின் அடிவாரத்தே தாவரவியற் பூங்கா அமைந்துள்ளது. இராவணன் சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இப்பகுதியே என்பது மக்கள் வழக்கு. வழக்கு வரலாறாகாது. வரலாற்றின்படி இச்சோலை உலாவி இன்புறுதற்கென எழுந்ததன்று.

நடந்து நடந்து பருவங்களை நுகர்தற்கென்றே சோலை அமைத்தவர் யப்பானியர். குளத்தைச் சூழ்ந்து வளையும் பாதையில் ஒரு காட்சி மறைய மற்றொன்று தோன்றும். வேனிற் பூவும் கூதிரின் செவ்விலையும் ஒரே இடத்தை வேறிடமாக்கும். 1702இல் நிறைவெய்திய தோக்கியோவின் றிக்குகியன், பழம்பாடல்களிற் பயின்ற 88 காட்சிகளைத் தன்னகத்தே கொண்டது. யனகிசாவா என்னும் பிரபு தமக்கென அமைத்த அச்சோலை, 1938இலேயே நகரத்தார்க்கு உரியதாயிற்று.

ஹக்கலை வந்த வழி வேறு. 1861இல், பேராதனைப் பூங்காவின் தலைவரான துவெயிட்ஸ் என்பாரின் மேற்பார்வையில், சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்கும் களமாக இது தொடங்கிற்று. முறைக்காய்ச்சலைத் தணிக்கும் குவினைன் அம்மரத்தின் பட்டையிலிருந்தே பெறப்படும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, துரைமார் பலர் சிங்கோனாவை நாடினர். 1886இல் இலங்கையின் பட்டை ஏற்றுமதி ஏறத்தாழ 150 இலட்சம் இறாத்தலை எட்டியது. அப்பெருக்கே அதற்குக் கேடாயிற்று, விலை சரிந்தது. குவினைன் செறிவு மிக்க சாவகத்துப் பட்டையோடு போட்டியிடவும் இயலவில்லை. மலைச்சரிவுகளைத் தேயிலை கொண்டது. களமோ 1884இல் பூங்காவாக மாற்றப்பட்டது. நொக் என்னும் தந்தையும் மகனும் கண்காணிப்பாளராயிருந்து அதனை வளர்த்தனர். இவ்வாறு மருந்துத் தோட்டம் உலாச்சோலையாயிற்று.

இங்கு இலையுதிர்காலம் இல்லை. பருவங்களைக் காற்றே வகுக்கிறது. தை, மாசியில் விடியற்பொழுதின் உறைபனி புல்லை வெளுப்பாக்கும். சித்திரையில் ரோசாவும் பிற மலர்களும் பொலியும். வைகாசி முதல் தென்மேற்குக் காற்று அற்றன் பக்கத்தை மழையில் ஆழ்த்த, அதே காற்று மலை கடந்து ஊவாவில் வறண்டு வீசும். ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் தருவது அதுவே. ஐப்பசி தொடங்க வடகீழ்ப் பருவமழை ஹக்கலையை நனைக்கும். பன்னங்கள் தழைப்பதும் அட்டைகள் பெருகுவதும் அப்பொழுதே. இரு காற்றுக்கும் இடையிலுள்ள இம்மேடையில் நின்று பருவமாற்றத்தைக் காண்டல் பயணிக்கு இன்பம்.

சுற்றியுள்ள தோட்டங்களிற் கொழுந்து பறிப்போர்க்கு அதுவே கூலிக்கணக்கு. கொழுந்து குறைந்த நாளில் முழுப்பேர் கிட்டாது, அரைப்பேரே விழும். தமிழகத்திலிருந்து வந்து இம்மலைகளைத் திருத்தியோரின் வழித்தோன்றல்களுள் மிகப் பலரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. பூங்காவின் வரலாறு கூறுவோர் நொக் குடும்பத்தை மறவார். சுற்றுமலைகளை வெட்டித் திருத்திய கைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதார். இது பெருங்குறையே.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இங்கு வருகின்றனர். பாதைகளிற் சுற்றி, புற்றரையிற் கட்டுச்சோறு உண்டு, ஊவாப் பள்ளத்தாக்கை நோக்கியிருந்துவிட்டு, மாலைப் பேருந்தில் மலையேறுகின்றனர்.