தானாகப் பதில் போடும் மெயில்: ஒரு சின்ன சரித்திரம்

எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நான்தான் பொருளாளர். பேங்க்காரன் ஒருத்தன் கிடைத்தால் கணக்கு நோட்டை வேறு யார் தலையில் கட்டுவார்கள்? பொங்கல் விருந்துக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று மெயில் போடுவார்கள். அதைப் படித்து, எக்செல்லில் ஏற்றி, "கிடைத்தது, நன்றி" என்று பதில் போட வேண்டும். நூற்றுச் சொச்சம் குடும்பம். இந்த முறை ஆபீஸ் பையன் ஒருவன், "சார், இதுக்கெல்லாம் இப்ப ப்ரோக்ராம் எழுத வேண்டாம், பெட்டி பெட்டியா வரைஞ்சா போதும்" என்று ஒரு வொர்க்ஃப்ளோ கருவியைக் காட்டிக் கொடுத்தான். ஒரு பெட்டி: தலைப்பில் 'பொங்கல்' என்று மெயில் வந்தால். அம்புக்குறி. அடுத்த பெட்டி: ஷீட்டில் ஒரு வரி சேர். அம்புக்குறி. கடைசிப் பெட்டி: நன்றி மெயில் அனுப்பு. பி.காம். படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அரை மணியில் முடித்துவிட்டு, வீட்டம்மாவிடம் பீற்றிக்கொண்டு படுத்தேன்.

காலையில் பார்த்தால் ஒரே உறுப்பினருக்கு 32 நன்றி போயிருக்கிறது! அவர் தன் கடையின் மெயில் ஐடியிலிருந்து எழுதியிருந்தார். அந்த ஐடிக்கு எது போனாலும் "உங்கள் மடல் கிடைத்தது" என்று தானாகப் பதில் வரும். தலைப்பில் அதே 'பொங்கல்'. என் கருவி கால் மணிக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்க்கும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை இரண்டு மெஷினும் மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டிருக்கின்றன. ஷீட்டில் அவர் வீட்டிலிருந்து 128 பேர் சாப்பிட வருகிறார்கள் :-)

சிரித்துவிட்டு, இந்தக் கூத்து முன்னால் யாருக்கும் நடந்திருக்காதா என்று தேடினேன். தேடத் தேட ஒரு சரித்திரமே வந்தது.

எரிக் ஆல்மன் என்பவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் மெஷின்களுக்கு மெயில் மென்பொருள் எழுதியவர். சென்ட்மெயில் அவருடையதுதான். 1983-ல் 'வெக்கேஷன்' என்று ஒரு குட்டி நிரலும் எழுதினார். லீவில் போகிறவருக்காக அது பதில் போடும். ஆனால் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒருவருக்கு ஒரு தடவை பதில் போட்டால், சாதாரணமாக ஒரு வாரத்துக்கு அவருக்கு மறுபடி போடாது. யாருக்கு எப்போது போட்டோம் என்று தனியாக ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும், நம்ம பழைய அவுட்வர்ட் ரிஜிஸ்டர் மாதிரி. பெறுநர் வரியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் பதில் கிடையாது. மெஷின் அனுப்பியதாகத் தெரிந்தாலும் கிடையாது. எங்கே வாயை மூட வேண்டும் என்பதுதான் அந்த நிரலில் பாதி.

1990-ல் ப்ரோக்மெயில் வந்தது. ஸ்டீஃபன் வான் டென் பெர்க் எழுதியது. அதில் ஒவ்வொரு விதிக்கும் பெயர் 'ரெசிபி', அதாவது சமையல் குறிப்பு. முதல் வரியில் :0 என்று போட்டு ஆரம்பிக்க வேண்டும், மிச்சமெல்லாம் கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுதத் தெரிந்தவர் கொஞ்சம் பேர்தான். ஆனால் அதன் கையேட்டில் தானியங்கிப் பதிலுக்கு ஒரு மாதிரி ரெசிபி உண்டு. 'எக்ஸ்-லூப்' என்று ஒரு முத்திரையைப் பதிலில் குத்தி அனுப்பு, அந்த முத்திரையோடு திரும்பி வந்தால் தொடாதே என்று அதில் இருக்கிறது. நான் மாட்டிக்கொண்ட அதே சுழல்!

2001-ல் 'சீவ்' என்று ஒரு விதிமொழி வந்தது. சல்லடை என்று அர்த்தம். திரும்பத் திரும்பச் சுற்றும் கட்டளையே அதில் கிடையாது, வேண்டுமென்றேதான் விட்டார்கள். 2004 ஆகஸ்டில் கீத் மூர் எழுதிய ஆர்.எஃப்.சி. 3834 என்ற ஆவணம், தானாகப் போகும் பதில் ஒவ்வொன்றும் 'இது தானாக வந்தது' என்று தலைப்பகுதியில் ஒரு வரி சொல்ல வேண்டும், அப்படிச் சொல்லி வருவதற்கு இன்னொரு மெஷின் பதில் போடக்கூடாது என்றது. சுமார் இருபது வருஷத்து அடிபட்ட அனுபவம் முழுவதும் அதில் இருக்கிறது.

சரி, பெட்டியும் அம்பும் எப்போது வந்தது? 2007 பிப்ரவரியில் யாஹூ பைப்ஸ். தமிழ்மணம் காலத்து ஆட்களுக்கு 'ஓடை' என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பத்து வலைப்பதிவின் ஓடைகளைக் குழாய் போட்டு இணைத்து, வடிகட்டி, ஒன்றாக்கலாம். மவுஸால் இழுத்து ஒட்டினால் போதும். 2015-ல் மூடிவிட்டார்கள், எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் அது படித்து அடுக்குகிற வேலை. தப்பாக வரைந்தாலும் யார் வீட்டுக்கும் கடிதம் போகாது.

அதை மாற்றியவை அடுத்து வந்தவை. 2010 டிசம்பரில் லிண்டன் டிபெட்ஸ் அறிவித்த இஃப்ட், 'இது நடந்தால் அதைச் செய்' என்ற ஒரே வாக்கியம். விதிகளுக்கு அவர்களும் ரெசிபி என்றே பெயர் வைத்தார்கள், 2016 வரை. 2011-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மூன்று பேர் ஆரம்பித்தது ஸேப்பியர். அப்புறம் செக் நாட்டின் இன்டெக்ரோமேட் (2022 முதல் மேக்), மைக்ரோசாஃப்டின் ஃப்ளோ (2019 முதல் பவர் ஆட்டோமேட்), நம்ம சென்னை ஸோஹோவின் ஃப்ளோ, 2019-ல் பெர்லினிலிருந்து என்8என்.

இவற்றால் ஒரு பெரிய நன்மை. கடைக்காரரும் டீச்சரும் என்னை மாதிரி ஆளும் ப்ரோக்மெயில் பண்டிதர்கள் மட்டும் செய்ததைச் செய்ய முடிகிறது. ஆனால் நான் வரைந்த படத்தில் ஒரு வாரக் கட்டுப்பாடு இல்லை, முத்திரை இல்லை, 'தானாக வந்தது' என்ற வரி இல்லை. அதற்கெல்லாம் தனிப் பெட்டி போட்டிருக்கலாம். போட வேண்டும் என்று தெரிந்தால்தானே? பழைய ஆட்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் :0 கூட எழுதியிருக்க முடியாது. எனக்கு அரை மணி போதுமாக இருந்தது.

வெளியிலிருந்தும் ஒரு பிரேக் விழுந்தது. 2018 ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், வெளிச் செயலிகளின் ஊழியர்கள் ஜிமெயில் மடல்களை வாசித்திருக்கிறார்கள் என்று எழுதியது. அந்த அக்டோபரில் கூகிள் விதிகளை இறுக்கியது. 2019 மார்ச் கடைசியில் இஃப்டில் 'புதிதாக மெயில் வந்தால்' என்ற பெட்டியே போய்விட்டது. அனுப்ப மட்டும் முடிந்தது. நிறைய பேர் திட்டினார்கள். பேங்க்காரனான எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக்கூட நாங்கள் நாலு தடவை புரட்டிப் பார்ப்போம்.

சுழலைச் சரிசெய்தேன். ஒருவருக்கு வாரம் ஒரு பதில். ஆல்மனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு. எல்லாம் சரியாக ஓடியது, போகிக்கு இரண்டு நாள் முன்பு வரை.

எங்கள் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர், நான் அனுப்பிய பொங்கல் அழைப்புக்கே ரிப்ளை அழுத்தி இரண்டு வரி எழுதியிருந்தார். அம்மா காலமாகிவிட்டார், ஊருக்குக் கிளம்புகிறோம், விருந்துக்கு வர முடியாது. தலைப்பில் 'பொங்கல்'. என் கடைசிப் பெட்டி அவருக்கு அனுப்பியது: "மிக்க மகிழ்ச்சி! உங்கள் வருகையை எதிர்பார்க்கிறோம். பொங்கலோ பொங்கல்!"

மறுநாள் சாயந்திரம்தான் பார்த்தேன். போனில் கூப்பிட்டபோது அவர் திருச்சி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். "பரவால்ல சார், மெஷின்னு தெரியும்" என்றார். அந்த 'பரவால்ல' இன்னும் காதில் இருக்கிறது.

இதற்கு எந்த முத்திரையும் உதவாது. அந்த மடல் மனுஷர் எழுதியது, முதல் தடவை வந்தது. 1987-லேயே எம்.ஐ.டி.யில் தாமஸ் மலோனும் கூட்டாளிகளும் 'இன்ஃபர்மேஷன் லென்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். படிவத்தை நிரப்பி மெயிலுக்கு விதி அமைப்பது, இந்தப் பெட்டிகளின் தாத்தா. அதில் அனுப்புகிறவரே இது கூட்ட அழைப்பா, வேறெதுவுமா என்று வகை சொல்லி அனுப்பலாம், மெஷின் யூகிக்க வேண்டாம். நானோ ஒரே ஒரு சொல்லை நம்பினேன்.

எங்கள் பிராஞ்சில் ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர் பார்த்து ஓகே செய்யாமல் பத்து ரூபாய்கூட நகராது. மேக்கர், செக்கர். பவர் ஆட்டோமேட்டில் அப்ரூவல் என்று அதற்கே பெட்டி இருக்கிறது. நான் பயன்படுத்தும் கருவியில் 'அனுப்பு' பெட்டியை எடுத்துவிட்டு 'டிராஃப்டாக வை' என்று மாற்றினேன். சித்திரைத் திருநாளுக்கு 97 மெயில் வந்தது. தினமும் காலையில் காபியோடு டிராஃப்டுகளைப் பார்ப்பேன், மொத்தமே பத்து நிமிஷம்தான். 97-ல் மூன்றை நிறுத்திவிட்டுக் கையால் எழுதினேன். ஒருவர் டிரான்ஸ்ஃபரில் கௌஹாத்தி போகிறார். ஒருவர் மாமியாருக்குச் சக்கர நாற்காலி வழி உண்டா என்று கேட்டிருந்தார். மூன்றாவது, அந்தப் பழைய உறுப்பினர், "இரண்டு பேர் வருகிறோம்" என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கு டிராஃப்டே போதும். ஆனாலும் அழித்துவிட்டு நானே எழுதினேன்.