நீலகிரிச் சோலையில் நாயின் தடம்

மாசி மாதத்தில் கோயமுத்தூர்க் காந்திபுரத்துத் தெருக்களில் வெயில் உறைக்கத் தொடங்கும் வேளையில், மேட்டுப்பாளையம் மார்க்கமாக மலையேறி உதகமண்டலத்துக்கு அப்பால் செல்லும் பிரயாணி, புல்மேடுகளின் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைக் காடுகளில் அப்போதும் ஈரம் சொட்டுவதையும், அவற்றின் ஓரங்களில் காட்டுப்பூவரசு செக்கச்செவேலெனப் பூத்திருப்பதையும் காண்பான். மழையையும் மூடுபனியையும் வாங்கி, மக்கிய சருகினடியில் தேக்கிவைத்து, கோடையிலும் ஓடைகளுக்கு அளந்து கொடுக்கும் காடுகள் இவை. இவற்றினூடே மனிதனோடு நடந்த நாய்க்கும் ஒரு சரித்திரம் உண்டு.

கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, அதன் சீதோஷ்ணத்தில் மனம் பறிகொடுத்து அங்கேயே வீடு கட்டிக்கொண்ட பிறகு, அவரைத் தொடர்ந்து வந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் ராணுவத்தாரும் தங்கள் தேசத்து வேட்டைநாய்களையும் கொண்டுவந்தனர். சமவெளியின் உஷ்ணத்தில் வாடிய அந்நாய்கள் மலைக் குளிரில் தேறின. அதோடு, வறண்ட மண்ணில் சீக்கிரம் மறையும் விலங்கின் வாடை ஈர மண்ணிலும் நனைந்த புல்லிலும் நெடுநேரம் தங்குமாதலால், நாயின் மூக்கை நம்பிய வேட்டைக்கு மழையும் பனியும் நிறைந்த அந்தப் பிரதேசமே உகந்ததாயிற்று. இங்கிலாந்தின் நரிக்குப் பதில் நம் குள்ளநரியைத் துரத்தும் உதகை வேட்டைச் சங்கம் இவ்வாறு உருவாயிற்று. மலைவாழ் தோதவரின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் அதன் குதிரைகள் பாய்ந்தன. அவ்வெளிகளுக்கோ சென்னை கவர்னர் வென்லாக் பிரபுவின் பெயரே நிலைத்தது. கடமான் வேட்டையின் முறை வேறு: நாய்களைச் சோலைக்குள் ஏவி, குலைப்பொலியில் மிரண்டு வெளியேறும் மானை, காட்டுக்கு வெளியே துப்பாக்கியோடு காத்திருந்து சுடுவார்கள். கட்டற்ற வேட்டையால் மிருகங்கள் அருகிப்போகவே, வேட்டைக்காரர்களே அஞ்சி 1877இல் ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தனர். 1879இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது.

நாயால் விளைந்த துக்கமும் இம்மலையில் உண்டு. 1902இல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க் கடியால் மாண்டாள். அக்காலத்தில் அதற்குச் சிகிச்சை பெற இமயமலைச் சாரலிலுள்ள கசௌலிக்குத்தான் செல்ல வேண்டும். அமெரிக்கத் தனவந்தர் ஹென்றி பிப்ஸ், வைஸ்ராய் கர்ஸன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு 1907இல் குன்னூரில் அச்சிகிச்சைக்கெனப் பாஸ்டர் ஸ்தாபனம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் ஏழை எளியவர்க்கெல்லாம் அது செய்த உபகாரம், வேட்டைச் சங்கங்களின் வெற்றிப் பட்டியல் அனைத்தையும்விட மேலானதென்றே நான் கருதுகிறேன்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. கப்பலேறி வந்த நாய்க்குக் கொட்டடியும் வேலைக்காரரும் கிடைத்த அதே மலையில், அங்கேயே பிறந்து வளர்ந்த செந்நாயின் தலைக்கு விலை வைக்கப்பட்டது. மான்களைக் கொன்று வேட்டைக்காரரின் பங்கைக் குறைக்கும் துஷ்டப் பிராணி என்று அதைப் பெயரிட்டு, கொன்று வருபவனுக்குச் சன்மானம் அளித்தார்கள். கூட்டமாக வேட்டையாடி, குட்டிகளுக்கு முதலில் இரையளித்து, தன் இனத்தோடு இசைந்து வாழும் அந்த ஜீவனுக்கு இழைத்த இந்த அநியாயம் தலைமுறைகளாக நீடித்தது. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் அதைக் கொல்வதைக் குற்றமாக்கியது. நீலகிரியில் வழக்கறிஞராயிருந்த ஈ. ஆர். சி. தாவிதார், சிகூர்ப் பகுதியில் வீடமைத்து, செந்நாயின் வாழ்க்கையைப் பொறுமையோடு கவனித்து, 1975இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். வீட்டு நாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்னும் கொள்ளைநோயும் செந்நாய்க் கூட்டங்களுக்குப் பரவக்கூடும்; இன்று சரணாலயங்களுக்குள் வளர்ப்பு நாயை அழைத்துச் செல்ல அனுமதியில்லை.