பழியை நம்ம வாய் மேல போட்ட கதை

குண்டா இருக்கிறவங்களைப் பார்த்தா, "வாயைக் கட்டத் தெரியல"ன்னு ஒரே வார்த்தையில தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடறோம். அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவணும்னு காசு செலவழிச்சவங்களும் இருக்காங்க. கரும்பு நட்டுப் பிழைக்கிறவன் நான். சர்க்கரை வித்தாத்தான் எனக்கும் வருமானம். அதனாலேயே இந்தக் கதையைத் தேடிப் படிச்சேன். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது இது.

1960களில் அங்கே மாரடைப்புதான் பெரிய கவலை. காரணம் கொழுப்பா, சர்க்கரையா என்று விஞ்ஞானிகளுக்குள் வாதம் நடந்தது. லண்டனில் ஜான் யுட்கின் என்ற பேராசிரியர் சர்க்கரையைத்தான் சந்தேகப்பட்டார். அந்த நேரத்தில் அமெரிக்க சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று, ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகளுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுதச் சொன்னது. 2016 மதிப்பில் அது ஏறக்குறைய 50,000 டாலர். 1967இல் பெரிய மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. கொழுப்பைக் குறையுங்கள் என்பதே அதன் சாரம். சர்க்கரை மேலிருந்த சந்தேகத்தை அது லேசாக்கிவிட்டது. காசு கொடுத்தது யார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதியே அந்தப் பத்திரிகையில் 1984இல்தான் வந்தது. பழைய கடிதங்களைத் தேடியெடுத்து, 2016இல்தான் இந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். கொழுப்பு நல்லதுன்னு நான் சொல்ல வரலீங்க. ஒரு குற்றவாளியைக் காட்டி இன்னொருத்தனைத் தப்பிக்க விட்டாங்க, அவ்வளவுதான்.

இதற்கிடையில் பாட்டிலும் வளர்ந்தது. ஆரம்ப காலத்துக் கோக் பாட்டில் 200 மில்லிகூட இல்லை. இன்று அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாக விற்கும் பாட்டில் 591 மில்லி. அதில் 65 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, ஒரே பாட்டிலில் இரண்டரை நாள் கணக்கு முடிஞ்சிருது.

2002இல் நியூயார்க்கில் இரண்டு சிறுமிகளின் சார்பில் மெக்டொனால்ட்ஸ் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தக் கடைச் சாப்பாட்டால்தான் பிள்ளைகள் உடல் பெருத்து நோயாளி ஆனார்கள் என்பது வழக்கு. ஊரே சிரித்தது. 2003இல் நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீடு போய்ப் பல வருஷம் இழுத்தும் வழக்கு ஜெயிக்கவில்லை. சிரிச்சதோட விட்டிருந்தா சரி. 2004இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 'உணவு உண்பதில் தனிமனிதப் பொறுப்பு' என்றே அதற்குப் பெயர். உடல் பருமனுக்காக உணவுக் கம்பெனி மேல் யாரும் வழக்குப் போடக் கூடாது என்பது நோக்கம். மேல்சபையில் அது தேறவில்லை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே மாதிரி சட்டம் போட்டுக்கொண்டன. பொறுப்புங்கற நல்ல வார்த்தை, கம்பெனிக்குக் குடையா மாறினது இப்படித்தான்.

2015இல் இன்னொன்று தெரியவந்தது. சாப்பாட்டைக் குறைப்பதைவிட உடற்பயிற்சிதான் முக்கியம் என்று பேசிவந்த ஒரு விஞ்ஞானிகள் அமைப்பைத் தொடங்க, கோகோ கோலா 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. செய்தி வெளிவந்ததும் அந்த வருஷக் கடைசியிலேயே அமைப்பைக் கலைத்துவிட்டார்கள். உடம்பு வளையணும், வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த 591 மில்லி பாட்டிலைக் கரைக்க ஒரு மணி நேரம் போல நடக்கணும். குடிக்க அஞ்சு நிமிஷம் போதும்.

மாற்று வழி இருக்கா? இங்கிலாந்தைப் பாருங்க. 100 மில்லிக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருக்கும் பானத்துக்கு 2018 ஏப்ரலில் இருந்து வரி. வரப்போகுதுன்னு 2016லேயே சொல்லிட்டாங்க. அந்தத் தேதி வருவதற்குள் பல கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. ஜனங்களுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. குடிக்கிறவன் அதே ஆள், பாட்டிலுக்குள்ள இருந்ததுதான் மாறுச்சு. மெக்சிகோவில் 2014இல் லிட்டருக்கு 1 பெசோ வரி போட்டார்கள். முதல் வருஷமே அந்தப் பானங்களின் விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது.

அதனால நம்ம பொறுப்பு போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. டவுன்ல இருக்கிறவங்க பலர், "நாங்க நாட்டுச்சர்க்கரைதான்"னு சொல்லி ரெண்டு கரண்டி கூடப் போட்டுக்கறாங்க. கரும்பு போடறவன் சொல்றேன், வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் அதே கரும்புச்சாறு காய்ச்சினதுதான். உடம்பு அதையும் சர்க்கரையாத்தான் எடுத்துக்கும். பாக்கெட்டைத் திருப்பி எத்தனை கிராம்னு பார்க்கறது நம்ம வேலை. அதைப் பொடி எழுத்துல ஒளிக்காம எழுதறது கம்பெனி வேலை. எழுதலைன்னா கேக்கறது அரசாங்கத்தோட வேலை. மூணு பேர் சுமக்க வேண்டியதை, குண்டா இருக்கிற ஒரு பிள்ளை தலையில ஏத்திட்டுச் சிரிக்காதீங்க.

சர்க்கரை விற்பனை குறைஞ்சா உனக்குத்தானே நஷ்டம்னு கேப்பீங்க. குறையட்டுங்க. எனக்கு நெல்லும் வாழையும் போடத் தெரியும்.