எபெட்ஸ் ஃபீல்ட்

எபெட்ஸ் ஃபீல்ட் என்பது அமெரிக்காவின் நியூயார்க் நகரில், புரூக்ளின் பகுதியில் இருந்த பேஸ்பால் (அடிபந்தாட்ட) அரங்கம். 1913 முதல் 1957 வரை இது டாட்ஜர்ஸ் அணியின் சொந்த மைதானமாக விளங்கியது. மேஜர் லீக் பேஸ்பாலில் நிலவிய நிறத்தடை இங்கேதான் உடைந்தது.

தோற்றம்

அணியின் உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ், 'பிக்டவுன்' எனப்பட்ட ஏழைகளின் குடியிருப்புப் பகுதியில் சிறுசிறு மனைகளாக நிலம் வாங்கினார். கட்டுமானத்துக்குப் பணம் போதாமல் அணியின் பாதிப் பங்கை மெக்கீவர் சகோதரர்களுக்கு விற்றார். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் மேஜர் லீக் ஆட்டம் 1939 ஆகஸ்ட் 26 அன்று இங்கு நடைபெற்றது.

நிறத்தடையின் முடிவு

எழுதப்பட்ட விதி இல்லாதபோதும், 1880களுக்குப் பின் மேஜர் லீக் அணிகள் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி இவ்வழக்கத்தை மீறி ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் இங்கு களமிறங்கினார். வசைகளையும் மிரட்டல்களையும் தாங்கி, அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். அவர் அணிந்த 42ஆம் எண் 1997இல் எல்லா அணிகளிலும் ஓய்வு பெற்றது.

அணியின் இடமாற்றம்

சுமார் 32,000 பேர் அமரக்கூடிய அரங்கம் பழையதாகிவிட்டது. கார்களை நிறுத்தவும் போதிய இடமில்லை. புதிய உரிமையாளர் வால்டர் ஓமாலி, அட்லாண்டிக், ஃபிளாட்புஷ் சாலைகள் சந்திக்கும் இடத்தில் தம் செலவில் அரங்கம் கட்ட விரும்பினார். அதற்கான நிலத்தை மாநகரம் கையகப்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டார். தனியார் அரங்கம் பொதுநோக்கம் ஆகாது என்று நகரத் திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் மறுத்து, குவீன்ஸ் பகுதியில் மாற்று இடத்தை முன்வைத்தார். உடன்பாடு ஏற்படவில்லை.

1957 செப்டம்பர் 24 அன்று நடந்த கடைசி ஆட்டத்துக்கு 6,702 பேர் மட்டுமே வந்தனர். மறு ஆண்டு அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்றது. உலகத் தொடரை வென்று இரண்டே ஆண்டுகளில் அணியை இழந்தது புரூக்ளின்.

லாஸ் ஏஞ்சல்ஸில் சாவேஸ் ரவீன் என்னும் இடத்தில் 1962இல் டாட்ஜர் அரங்கம் திறக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மெக்சிகோ வழிவந்த குடும்பங்கள், அரசு வீட்டுத் திட்டத்துக்கென முன்பே வெளியேற்றப்பட்டிருந்தன. அத்திட்டம் கைவிடப்பட்டபின் நிலம் அணிக்குச் சென்றது. எஞ்சியிருந்தோர் 1959இல் வலுக்கட்டாயமாக அகற்றப்பட்டனர்.

இன்றைய நிலை

1960 பிப்ரவரியில், பேஸ்பால் பந்துபோல் வண்ணம் தீட்டிய இரும்புக் குண்டால் எபெட்ஸ் ஃபீல்ட் இடிக்கப்பட்டது. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.