கிராஃபீன்

கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணுவின் தடிமன் கொண்ட கார்பன் தாள். பென்சிலில் உள்ள கிராஃபைட், இத்தகைய தாள்கள் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பொருள்தான். அடுக்குகளைப் பிடித்துவைக்கும் வாண்டர்வால்ஸ் விசை மெலிந்தது. அவை எளிதில் வழுக்கிப் பிரிவதால்தான் பென்சில் காகிதத்தில் எழுதுகிறது.

தாளுக்குள் நிலைமை நேர்மாறு. கார்பனின் நான்கு இணைதிறன் எலக்ட்ரான்களில் மூன்று, அக்கம்பக்கத்து மூன்று அணுக்களுடன் 120 பாகைக் கோணத்தில் சிக்மா பிணைப்பாக இறுகிவிடுகின்றன. அறுகோணங்களாலான தேன்கூட்டு வலை இப்படித்தான் உருவாகிறது. பிணைப்பின் நீளம் 0.142 நானோமீட்டர், வைரத்தில்கூட அது 0.154. கிராஃபீனின் புகழ்பெற்ற வலிமைக்கு இந்தப் பிணைப்புகளே காரணம். 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நுண்ணூசியால் தாளை அழுத்தி அளந்தார்கள்: யங் குணகம் சுமார் 1 டெராபாஸ்கல், முறிவு வலிமை சுமார் 130 கிகாபாஸ்கல். ஒரு சதுர மீட்டர் தாளின் நிறையோ 0.77 மில்லிகிராம்தான். குறையற்ற தாளை ஹீலியம் வாயுவும் ஊடுருவுவதில்லை.

மிஞ்சிய நான்காவது எலக்ட்ரானிடம்தான் இயற்பியலாளர்கள் மனத்தைப் பறிகொடுத்தார்கள். தளத்துக்குச் செங்குத்தான ஆர்பிட்டாலில் இருக்கும் அது எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் தாள் முழுவதும் பரவுகிறது. கிராஃபைட்டைப் புரிந்துகொள்ள 1947இல் பி. ஆர். வாலஸ் செய்த கணக்கீட்டிலேயே இதன் இயல்பு தெரிந்துவிட்டது. கடத்துபட்டையும் இணைதிறன் பட்டையும் டிராக் புள்ளிகள் எனப்படும் இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. அங்கே ஆற்றல் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. ஆகவே எலக்ட்ரான்கள் நிறையே இல்லாத துகள்கள்போல, ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய முந்நூற்றில் ஒரு பங்கு வேகத்துடன் நகர்கின்றன.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பட்டைகளுக்கு நடுவே ஆற்றல் இடைவெளி இல்லாததால், கிராஃபீன் டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தை முழுமையாக நிறுத்த முடியாது. சிலிக்கானை அது ஓரங்கட்டும் என்று ஒரு காலத்தில் எழுந்த ஆரவாரம் அளவுக்கு மீறியதே.

இருபரிமாணப் படிகம் நிலைத்திருக்க முடியாது என்பது 1930களில் லாண்டவு, பையர்ல்ஸ் ஆகியோர் கண்ட முடிவு. ஆனால் 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் குழுவினர் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்தே தனித்தாளை எடுத்துவிட்டார்கள். சிலிக்கான் ஆக்சைடு பூசிய தகட்டின் மேல் படிந்தபோது சாதாரண நுண்ணோக்கியிலேயே அது புலப்பட்டது. 2010இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தாங்குதளம் இன்றித் தொங்கும் தாள் முற்றிலும் தட்டையாக இல்லை, அதில் நுண்ணிய அலைவுகள் உண்டு என்பது 2007இல் தெரியவந்தது; அதன் நிலைப்புக்கு இவையும் துணைசெய்கின்றன.

பெரிய பரப்பில் கிராஃபீன் வேண்டுமானால், சூடான செம்புத் தகட்டின் மேல் மீத்தேன் வாயுவிலிருந்து வளர்க்கிறார்கள். சந்தையில் கிராஃபீன் என்ற பெயரில் விற்கும் தூள்களின் கதை வேறு. 60 நிறுவனங்களின் சரக்கைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது. மற்றது மெல்லிய கிராஃபைட் துகள். தனித்தாளில் அளந்த எண்களை அந்தத் தூளுக்கும் பொருத்திப் பேசுவது சரியல்ல.